கிழக்கே சூலம், கிழக்கே பரீட்சை

இயற்பியலில் நான் ஒருமுறை தோற்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தோற்றதற்கு என் அப்பா கண்டுபிடித்த காரணத்தைச் சொல்லத்தான் வெட்கம். நான் படிக்காதது காரணமில்லையாம். தயிராம்.

எங்கள் பக்கத்தில் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சூலம் நிற்கும். அன்றைக்கு அந்தத் திசையில் கிளம்பினால் போன காரியம் உருப்படாது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். அவசரமாகப் போக வேண்டியவர்கள் ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷம் கழிந்துவிடும் என்பார்கள். எங்கள் ஊர் தொண்டாமுத்தூருக்குக் கொஞ்சம் இப்பால் இருந்தது. கோயமுத்தூர் எங்களுக்கு நேர் கிழக்கு. முப்பதுகளின் நடுவில் அங்கேதான் இண்டர்மீடியட் படித்தேன். பரீட்சை வைத்த மகானுபாவர்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் இயற்பியலைத் திங்கட்கிழமையில் வைத்துவிட்டார்கள். நானும் அம்மா கொடுத்த தயிரை விழுங்கிவிட்டுப் போய் எழுதித் தோற்றேன்.

“இனி இந்தத் தயிர நம்பறதே இல்ல” என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார்.

மறுபரீட்சையும் திங்கட்கிழமையிலேயே வந்தது. இதிலும் தோற்றால் என் படிப்பு அதோடு சரி. அப்பா அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “தேறாட்டிப் போச்சாது கண்ணு, தோட்டத்துக்கு வந்துரு. கவலை ஓட்ட ஆளு வேணும்” என்று அன்பாகச் சொன்னார். கவலை ஓட்டுவது என்றால் நாள் முழுக்கக் கிணற்று மேட்டில் மாட்டோடு முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைப்பது.

பரீட்சை அன்று விடிந்ததும் அப்பா தன் திட்டத்தைச் சொன்னார். வீட்டிலிருந்து தெற்கே போய் ஆற்றைக் கடப்பது. அக்கரையில் பாலக்காட்டு ரோட்டைப் பிடிப்பது. உக்கடம் குளத்துப் பக்கமாக வடக்கே திரும்பி ஊருக்குள் நுழைவது. “தெக்கால போறோம், பொறவு வடக்கால போறோம். கிழக்கால போறதே இல்லியே!” என்றார்.

“நடுவுல பாலக்காட்டு ரோடு கிழக்கதானுங்கப்பா போகுது?”

“அது ரோடு வளையறது கண்ணு. அதுக்கு நாம என்ன பண்றது?”

வண்டியில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்தேன். வந்து விழுந்த பக்கம் தொலைவும் இடப்பெயர்ச்சியும். அந்தத் தமிழ்ச் சொற்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான். வளைந்து நெளிந்து நடந்த வழி மொத்தமும் தொலைவு. இடப்பெயர்ச்சிக்கு வழியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு ஒரு நேர்கோடு போட்டு, நீளம் என்ன, திசை என்ன என்று மட்டும் கேட்கும். அட, இது நம் கதையல்லவா என்று எனக்கு உற்சாகம் பிறந்தது.

“அப்பா, நாம எப்படிச் சுத்துனாலும் ஊட்டுலிருந்து காலேசுக்குப் போடற கோடு கிழக்கதானுங்க போகுது. சூலம் அப்படியேதான் இருக்குது.”

“கோட்டு மேல ஆரு போறா? நாம வண்டீல போறோம். கம்முனு படி.”

அரை மைல்கூடப் போகவில்லை. எதிரே ஒருவர் தலையில் விறகுக் கட்டோடு வந்தார். விறகு எதிரே வருவது கெட்ட சகுனம். அப்பா உடனே வண்டியைத் திருப்பினார். வீட்டுக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினோம். அந்த விறகுக்காரர் நல்ல மனுஷர். வண்டி திரும்பிப் போனதைப் பார்த்து, பாவம், என்னவோ ஏதோ என்று அதே இடத்தில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க, எதுக்குங்க திரும்பிப் போனீங்க? ஊட்டுல ஒண்ணும் இல்லீங்களே?”

அப்பா மரியாதை தெரிந்தவர். உன் விறகால்தான் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வராது. “வெத்தலப் பைய மறந்துபோட்டேனுங்க” என்றார். “எடுத்துப்போட்டீங்களா?” என்று அவர் கேட்க, “இல்லீங்க, மறுக்காவும் மறந்துபோட்டேன்” என்று சொல்லி மறுபடி வண்டியைத் திருப்பினார். மறுபடி வீடு, மறுபடி ஒரு சொம்புத் தண்ணீர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மைல் வண்டி ஓடியிருக்கிறது. இடப்பெயர்ச்சி பூஜ்யம். கூடியது என் வயிற்றுத் தண்ணீர் மட்டும்தான்.

மூன்றாம் தடவை விறகுக்காரர் போய்விட்டிருந்தார், தப்பித்தோம். சாலை பிரியும் இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிழக்கே திரும்பினால் கோயமுத்தூர் ஆறு மைல். அப்பா மாடுகளைத் திருப்பாமல் தெற்கேயே ஓட்டினார். பத்து மணி பரீட்சைக்கு இவர் இனி ஆற்றைக் கடந்து ஊரைச் சுற்றப்போகிறார் என்று நினைத்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“நீங்களும் உங்க சூலமும்! என்னைக் கவலை ஓட்ட வெக்கறதுக்குத்தானே இத்தன பண்றீங்க?” என்று கத்திவிட்டுப் பின்பக்கமாகக் குதித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சோளக்காட்டுக்குள் புகுந்து, வரப்பில் விழுந்து எழுந்து, கிழக்கே பார்த்து ஓடினேன். இதுதான் நேர்கோடு, இதுதான் படித்தவன் போகும் வழி என்று ஓடும்போது கர்வம் வேறு.

காலேஜ் வாசலில் மணி ஒன்பதேமுக்கால். சேவகர் கையை நீட்டினார்.

“ஹால் டிக்கெட் காட்டுங்க தம்பி.”

அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தார். பை வண்டியில் இருந்தது. என் செருப்பும் வண்டியில்தான் இருந்தது.

கெஞ்சினேன். “அது இல்லாம ஆரு வந்தாலும் உட முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று அவர் என்னைவிட வருத்தமாகச் சொன்னார். பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஆற்றைக் கடந்து சுற்றி வந்தால் பத்தரைக்கு முன்னால் வர வழியே இல்லை. அந்தக் கணக்கு மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் படிப்பை நானே குதித்துத் தொலைத்துவிட்டேன்.

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. மாடுகளின் வாயில் நுரை. வலத்து மாட்டின் முதுகில் சாட்டைத் தடம். அந்த மாடுகளை அப்பா அடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்காமலே பையையும் செருப்பையும் நீட்டினார்.

“சூலத்துல வந்தீல்ல? அதான் வாசல்லயே நிறுத்திப்போட்டாங்க” என்றார். பிறகு, “போ கண்ணு, வெசயாப் போ” என்றார். வாங்கிக்கொண்டு ஓடும்போது வண்டிச் சக்கரம் கண்ணில் பட்டது. முழுக்கப் புழுதி. துளி ஈரம் இல்லை. ஆற்றில் அப்போது முழங்கால் தண்ணீர்.

வழியெல்லாம் நான் படித்த அந்த ஒரு பக்கத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்ததை எழுதினேன். மத்தியானம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் தூக்குப் போசியைத் திறந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச் சோறு. ஒரு ஓரத்தில் ஒரு பிடி அளவுக்குப் பள்ளம். விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, எனக்கு வைத்த சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கிழக்கே மாட்டை அடித்து ஓட்டியிருக்கிறார். அந்தச் சோற்றை அழுதுகொண்டேதான் தின்றேன்.

தேறிவிட்டேன். முடிவு வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: “தெக்கால சுத்திக் கூட்டீட்டுப் போனனுங்க, அதான் பாஸ் பண்ணிப்போட்டான். போன தடவ தயிர நம்பிக் கெட்டோம்.” சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க” என்றேன். “ஆத்துல தண்ணி கூட முழங்காலுக்கு இருந்துச்சுங்க.”