ஒருமுறையேனும் போகாத மாளிகை

என் கணவர் குணசேகரத்துக்குச் சுவிஸ் பாஸ்போட் மறுக்கப்பட்ட கதையை எங்கள் ஆட்கள் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாது என்று ஒரு கதை. கேள்வி கேட்டபோது முழித்துக்கொண்டிருந்தார் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். அவருக்கு டொச் தெரியும், தலைநகர் பேர்னில் இருக்கிற ஏழு மந்திரிமாரின் பெயரும் தெரியும். அந்த மனிசன் தெரிந்துகொண்டே ஒரு பொய்யைச் சொன்னார். அது எனக்கே ஏழு மாதம் கழித்து, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் தெரியவந்தது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் சங்கானை. தொண்ணூறாம் ஆண்டு இங்கே அகதியாக வந்து, கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு வெங்காயம் உரித்து, இப்போது பாடனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரராக இருக்கிறார். அவர் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கிற ரோஸ்டியைத் தொண்ணூறு வயதுச் சுவிஸ் கிழவிகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். கத்துகிற வேலை இந்த வீட்டில் என்னுடையது.

வீட்டில் அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருக்கிறது. மகன் கிஷோபன் இந்தக் கோடையில் சுவிஸ் இராணுவப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுக்கிறார்கள், தகப்பனை மட்டும் இன்னும் இந்த ஊர் ஆள் என்று நம்புகிறார்களில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிசம்பரில் ஊர் மண்டபத்தில் நேர்முகம் நடந்தது. யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்று தீர்மானிக்கிற, ஊரவர் ஐந்து பேர் கொண்ட குழு. எல்லாம் நல்லபடியாகப் போய்க் கடைசியில் ஒரு கேள்வி வந்ததாம். ஊர் எல்லையில் எர்லன்குட் என்று முந்நூறு வருடப் பழைய பண்ணை மாளிகை ஒன்று இருக்கிறது. அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இவர் இல்லை என்றார். ஒருமுறையேனும்? இல்லை. ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இருபத்துமூன்று வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும் ஊரின் பெருமையான இடத்துக்கு ஒருமுறையேனும் போகாதவர், ஓய்வு நேரத்தை ஊரோடு கழிக்காதவர், செப்டெம்பரில் மறுபடி வந்து முன்னேற்றத்தைக் காட்டட்டும் என்று ஐந்து பேரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள். ஓய்வு நேரமாம். சனி ஞாயிறில் இவர்களுடைய தாய் தகப்பனுக்குச் சமைத்துக் கொடுக்கிற மனிசனுக்கு எங்கே இருக்கிறது ஓய்வு நேரம்?

மகள் அக்‌ஷயா ஆராவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கடிதத்தை நான் கிழிக்கப் போக, அவள் பறித்து மஞ்சள் பேனையால் கோடு போட்டாள். ஜூன் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு தகப்பனிடம் போனாள்.

"அப்பா, ஜூலையில எர்லன்குட்டில குடும்ப நாள் வைக்கினம். போவம். ஒவ்வொரு அறையிலயும் படம் எடுப்பம். டிக்கெட்டையும் படத்தையும் செப்டெம்பரில மேசையில வைப்பம்."

"நான் வரேல்லை."

"ஏன்?"

"காலில நோ."

காலில் வலி என்று சொன்னவர் அந்தக் கிழமைதான் கோயில் தேரில் வடம் பிடித்து இழுத்துவிட்டு வந்திருந்தார். நான் விடவில்லை. குடும்ப நாள் ஞாயிற்றுக்கிழமை விடியவே எழும்பி மீன் கட்லட்டும் ரோல்ஸும் செய்து, புளிச்சோற்றையும் கட்டினேன். புளிச்சோறு மணக்கும் அம்மா, ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றாள் மகள். மணக்கட்டும் என்றேன். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

வாசலில் இரண்டு பக்கமும் பெரிய லிண்டன் மரங்கள். குளம், குதிரைகள், வைக்கோலில் குதிக்கிற பிள்ளைகள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன, பார்க்கிற மனநிலையில்தான் நான் இல்லை. இவர் பல் பிடுங்கப் போகிற ஆளைப் போல நடந்து வந்தார். மாளிகைக்குள் மரத்தரை தேயக்கூடாது என்று சப்பாத்துக்கு மேல் மாட்டுவதற்குக் கம்பளிச் செருப்புத் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அறை அறையாக வழுக்கிக்கொண்டு போனோம். பழைய கட்டிலுக்கு முன்னால் ஒரு படம், மணிக்கூட்டுக்கு முன்னால் ஒரு படம். எல்லாவற்றிலும் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் சிரியுங்கோ அப்பா. ஊரோட சேர்ந்த ஆள் மாதிரி நில்லுங்கோ" என்றாள் அக்‌ஷயா.

மேல்மாடியில் எனக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. முன்வாசல் பக்கம் நீளமான வரிசை நின்றதைப் பார்த்திருந்தேன். மகளிடம் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இவரிடமிருந்து வந்தது.

"சமையலறைப் படியால இறங்கும். இடக்கைப் பக்கம். கதவு இறுகும், தோளால தள்ளும்."

போனேன். படி இருந்தது. இடக்கைப் பக்கம் கதவு இருந்தது. இறுகியும் இருந்தது. தோளால் தள்ளித் திறந்து இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். போன அலுவலையே மறந்து திரும்பி வந்தேன்.

மரத்தடியில் பாயை விரித்துச் சாப்பாட்டைப் பிரித்த பிறகு கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அந்தக் கதவு இறுகும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் கட்லட்டைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"நான் இஞ்ச அஞ்சு கோடை கோப்பை கழுவினனான்" என்றார்.

தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரை. அகதி வழக்கு முடியாத காலம், வேலை செய்ய அனுமதி இல்லை. மாளிகையில் கலியாண விருந்துகள் நடக்கும். அப்போதைய சொந்தக்காரர் ஹெஃப்லிகர் என்ற கிழவர் இவரை ஒளித்து வைத்து வேலை வாங்கினார். ஒருநாள் மத்தியானம் களவாக வேலை செய்கிறவர்களைத் தேடிப் பொலிஸ் வந்துவிட்டது. கிழவர் இவருடைய ஏப்ரனை உருவி எறிந்துவிட்டு, இழுத்துக்கொண்டு போய்த் தன் குடும்பத்தோடு சாப்பாட்டு மேசையில் இருத்தினார். பொலிஸ் உள்ளே வந்தபோது, கிழவரின் பதினெட்டு வயது மகள் எழும்பி இவருக்கு அப்பிள் சாறு ஊற்றி, இவர் எங்கள் விருந்தாளி என்றாளாம். அன்று பிடிபட்டிருந்தால் கொழும்புக்கு ஏற்றியிருப்பார்கள் என்று இவர் இன்றுவரை நம்புகிறார்.

"அப்ப நேர்முகத்தில ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் ஏறத் தொடங்கிவிட்டது.

அவர் தாடையால் புல்வெளியின் மறுபக்கத்தைக் காட்டினார். "அங்க கேக் வெட்டிக் குடுக்கிறாவே, அவதான் அந்தப் பிள்ளை. இப்ப குழுவில இருக்கிறா. எர்லன்குட்டுக்குப் போனீங்களோ எண்டு கேட்டதும் அவதான்."

"உங்களை அடையாளம் காணேல்லையோ?"

"முப்பது வருசம். அப்ப எனக்குத் தலை நிறைய மயிர். எப்பிடிக் காணுவா?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"மற்ற நாலு பேரும் இருக்கினம். ஓம் எண்டா எப்ப, என்னத்துக்குப் போனனீங்கள் எண்டு கேப்பினம். உங்கட தகப்பன் களவா ஆள் வச்சவர், நீங்கள் பொலிசுக்குப் பொய் சொன்னனீங்கள் எண்டு அவவைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது? அந்த மேசையில நான் சாப்பிட்டனான்."

"அப்பா, அது எப்பவோ முடிஞ்ச விசயம். சட்டப்படி இப்ப ஒருத்தரையும் ஒண்டும் செய்யேலாது" என்றாள் அக்‌ஷயா.

"சட்டத்தை ஆர் கேட்டது?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஊரார் இவரை மொக்கன் என்று கதைக்கிறார்கள். நான் ஆறு மாதமாக ஒவ்வொருத்தரோடும் சண்டை பிடிக்கிறேன். மகள் இவரைக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறாள். இவரோ ஒரு கோப்பை அப்பிள் சாற்றுக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் எழும்பினேன்.

"ஜெயகௌரி, இரும்" என்றார். நான் இருக்கவில்லை.

என்னுடைய டொச் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் பழகியது. ஆனால் கோபம் வந்தால் நன்றாகவே வரும். கேக் மேசையில் ஆள் விலகிய நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். நான் குணசேகரத்தின் மனைவி என்றேன். உங்கள் தகப்பனாரின் சமையலறையில் அவர் ஐந்து கோடை வேலை செய்தார் என்றேன். பொலிஸ் வந்ததையும், நீங்கள் சாறு ஊற்றியதையும், உங்கள் மரியாதைக்காகத்தான் அவர் குழுவுக்கு முன்னால் இல்லை என்று சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அவள் திடுக்கிடுவாள், வாயில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "அவர் மண்டபத்துக்குள் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது."

"தெரிந்தும் ஏன் கேட்டீர்கள்?"

"என்றைக்காவது இதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது."

"நிம்மதியாக இருந்துவிட்டு அவருக்கு எதிராகக் கை தூக்கினீர்கள்."

"அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் ஆதரித்திருந்தால், ஏன் என்று மற்றவர்கள் கேட்டிருப்பார்கள்."

பதினெட்டு வயதில் யாரென்றே சரியாகத் தெரியாத ஒருவருக்காகப் பொலிசிடம் பொய் சொன்ன பெண், ஐம்பது வயதில் அவருடைய பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரையே தோற்கடித்திருக்கிறாள். அந்தக் கேக் தட்டைத் தூக்கிப் புல்லில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. என் கை மேசை விளிம்புவரை போனது.

அப்போதுதான் இவர் எனக்குப் பின்னால் நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஒரு பிள்ளையின் நல்ல குணத்தை முப்பது வருடம் மனதில் வைத்துக் காப்பாற்றிய மனிசன் அவர். அதை இப்படி ஒரு கேக் மேசைக்கு முன்னால் இழந்துவிட்டார்.

அவள் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஹெர் குணசேகரம், செப்டெம்பரில் அந்தக் கேள்வி வராது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

வேறு ஒருவராக இருந்தால் நன்றி சொல்லியிருப்பார்கள். நேற்றைய குணசேகரமும் சொல்லியிருப்பார்.

"இல்லை" என்றார், சுத்தமான டொச்சில். "கேளுங்கள். அதே ஐந்து பேருக்கு முன்னால், நீங்களே கேளுங்கள்."

அவள் உடனே தலையாட்டவில்லை. கேக் வாங்க வந்தவர்கள் பின்னால் சேரத் தொடங்கினார்கள். அவள் தலையாட்டும்வரை இவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.