படி நிற்கும் கடை

மதினி போடிக்கு வந்த புதிதில், எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு காலை, "அண்ணே, கால் கிலோ புலி" என்று கேட்டாள். கேட்க நினைத்தது புளி. கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "புலி வேணும்னா நீ போடிமெட்டுக்குல்ல ஏறணும் தாயி" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷர், கிண்டலில் விஷமில்லை. மதினியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, கொல்லைக் கதவில் சாய்ந்து, மேகம் மூடிக் கிடந்த மலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அதன்பின் அந்தக் கடைப் பக்கம் அவள் போகவே இல்லை.

மதினிக்கு வியட்நாம். அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகி, அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டவன், அப்பா இறந்த பிறகு ஏலத்தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் அவளோடு ஊர் திரும்பினான். விடியும்போதே ஜீப்பில் மலையேறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். பகல் முழுக்க வீட்டில் அம்மாவும் மதினியும்தான். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் பாதிதான் விளங்கும்.

எனக்குத் தேனியில் வேலை. சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் மதினியை அங்கே வரச்சொல்லி, ஊரிலிருந்த இரண்டு பெரிய கடைகளையும் சுற்றிக் காட்டினேன். ஒன்று பழையது. நெரிசலும் சத்தமுமாக இருக்கும். எது வேண்டுமானாலும் ஆளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மற்றது புதிது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மாடிக்குத் தானாக ஓடும் படிக்கட்டு. மதினி புதியதையே பிடித்துக்கொண்டாள். அங்கே வாய் திறக்கவே தேவையில்லை. வேண்டியதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திரும்ப வைக்கலாம். மாடியில் காளானும், அவள் ஊரில் உண்பது போன்ற அரிசிச் சேமியாவும் இருந்தன. சேமியாப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, கண்ணாடித் தாளின் மேல் விரலால் தடவிக்கொண்டே நிற்பாள். வாரம் முழுக்கக் காணாத அமைதி அப்போது அவள் முகத்தில் வரும்.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "தெருவுல இல்லாத சாமானா? பஸ்சு ஏறிப்போயி வாங்குற அளவுக்கு அங்க என்ன சோலி?" என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். அண்ணன் மதினியிடம் கோபித்துக்கொண்டான். அன்று சாயங்காலம் மதினி அவனிடம், "எனக்கு ஊருக்குப் போகணும்" என்று தமிழில் சொன்னாள். தமிழில் சொன்னது அம்மா காதிலும் விழட்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மதினியோடு அம்மாவும் தேனிக்கு வந்து இறங்கினாள். "அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்குறேன்." கடை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை நான் தடுத்து உள்ளே கூட்டிப்போனேன். ஓடும் படியில் மதினி முன்னால் ஏறிவிட்டாள். அம்மா ஒரு காலை வைத்தாள், சேலை நுனியைப் பிடித்தபடி காலை இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தாள். பின்னாலிருந்து ஒருவன், "வெரசா ஏறும்மா" என்றான். யாரோ சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. பாதி மாடி போயிருந்த மதினி அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பினாள். மேலே ஓடும் படியில் கீழ்நோக்கி, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, "அத்தே, வாங்க, போவோம்" என்று வெளியே கூட்டி வந்துவிட்டாள். அன்று நாங்கள் எதுவும் வாங்கவில்லை. போடி வரும்வரை அம்மா அந்தக் கையை விடவும் இல்லை.

அதற்கடுத்த வாரம் மதினி எங்களைப் பழைய கடைக்கு அழைத்துப் போனாள். அம்மா வாசலிலேயே நின்று, "ஏத்தா, ஒனக்கு அந்தக் கடைதான பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"அங்க படி ஓடுது அத்தே. இங்க படி நிக்கிது."

உள்ளே போய்ச் சாமான் கேட்டதெல்லாம் மதினிதான். தப்பும் தவறுமாகக் கேட்டாள். சிரித்தவனை அம்மா முறைத்த முறைப்பில் அவன் வாயை மூடிக்கொண்டான். அந்தக் கடையில் அரிசிச் சேமியா இல்லை. அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் இடியாப்பம் பிழிந்து, கோழிச் சாறு வைத்து, "இதுல ஒங்க ஊரு மாதிரி என்ன செய்யணுமோ செஞ்சுக்க" என்று இரண்டையும் மதினியின் முன் வைத்தாள். மதினி சுடுசாற்றை இடியாப்பத்தின் மேல் ஊற்றினாள். முதல் வாயிலேயே அழுதுவிட்டாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் தானும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். ஊருக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது.

சில வருடங்கள் கழித்து மதினியின் தாய் படுத்த படுக்கையானாள். அண்ணன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மதினியோடு வியட்நாமுக்குப் புறப்பட்டான். இன்னும் திரும்பவில்லை. இப்போது போடியிலேயே பெரிய கடை வந்துவிட்டது. கூப்பிட்டால், "எனக்கு என்னத்துக்கு?" என்று அம்மா மறுத்துவிடுகிறாள். ஆனால் சனிக்கிழமையானால் காரணமில்லாமல் நல்ல சேலை உடுத்துகிறாள்.

போன வாரம் மதினி போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இங்க ஒங்க மகன் பக்கத்துக் கடைக்குப் போறதில்ல அத்தே. தப்பாப் பேசினாச் சிரிக்கிறாங்களாம். தூரத்துல இருக்கிற பெரிய கடைக்குத் தனியாப் போறாரு."

அம்மா சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் முகத்தருகே கொண்டுபோனாள்.

"அவனத் தனியா விடாத தாயி. நீயும் கூடப் போ."

"போறேன் அத்தே" என்றாள் மதினி.