கியரை எடுக்காமல் இழுத்த கார்

எங்களுக்கென்று இருந்தது ஒரு பழைய கார்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் வந்தால் வாடகைக்கு ஓடும். சீசனில் ஓடினால்தான் வருசம் முழுக்க அடுப்பு எரியும். அந்த வருசம் மதுரைக்காரர் ஒருவர் சீசன் முடியும் வரைக்கும் காரைப் பேசியிருந்தார். மறுநாள் காலையில் கார் தென்காசி ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும்.

சீசனுக்கு முன்னால் குற்றாலநாதர் கோயில் வாசலில் காருக்கு மாலை போட்டுப் பூசை வைப்பது என் வீட்டுக்காரர் வழக்கம். அவர், அவருடைய அண்ணன், என் மாமியார், நான் எல்லோரும் போனோம். திரும்பி வரும்போது தூறலில், இறக்கத்தில் கார் நின்றுவிட்டது. பிரேக் அவ்வளவாகப் பிடிக்காது. உருண்டுவிடக் கூடாதென்று வீட்டுக்காரர் ரிவர்ஸ் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தார்.

"இஞ்சினுக்குக் கரண்டு குடுக்குற காயில்தான் போயிருக்கு. வேற மாட்டினா ஓடிரும்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

தெரிந்த லாரிக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். கயிறு கட்டினார்கள்.

"மெதுவாப் போகணும் வே."

"ஏன் வே பயப்படுதீரு? பிள்ளைத்தாச்சிய கூட்டிட்டுப் போற மாதிரி போறேன்."

வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. லாரியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன் என்று கிளம்பினார். அண்ணனை ஸ்டீரிங்கில் உட்கார வைத்தார்.

"அண்ணே, கியரை எடுத்து நூட்டல்ல போட்டுருங்க. கியர்ல கெடக்கும்போது இழுத்தா கியர்ப் பெட்டிக்குள்ள பல்லு பொடிஞ்சிரும்."

"எனக்கே பாடம் சொல்லுதியாலே? போ."

அண்ணன் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்தார். கியர்க் கம்பியைத் தொடவே இல்லை. பின்னால் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

புருசனுடைய அண்ணனிடம் எங்களில் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. எது என்றாலும் மாமியார் வழியாகத்தான் போகும். மாமியாருக்குக் காது மந்தம்.

"அத்தை, கியரை எடுக்கலை. சொல்லுங்க."

"கீரையா? எடுக்கலைன்னா போகுது. வீட்டுல பருப்பு கெடக்கு."

"கீரை இல்ல அத்தை. கியரு, கியரு."

"அதான் சொல்லுதேன்லா, பருப்பு வச்சிக்கிடலாம்."

அண்ணன் காதிலும் கீரைதான் விழுந்ததோ என்னமோ, திரும்பவில்லை. லாரி உறுமியது. "நிறுத்தச் சொல்லுங்க" என்று யாரிடம் என்றில்லாமல் கத்தினேன். தொய்ந்து கிடந்த கயிறு வெடுக்கென்று விறைத்தது. காருக்கு அடியில் ஓடு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

லாரியை நிறுத்தி இவர் ஓடி வந்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. குனிந்து பார்த்தார். கறுப்பு எண்ணெய் மழைத் தண்ணீரோடு ரோட்டில் ஓடியது. அண்ணன், "கயிறு சரியில்லலே" என்றார். இவர் கயிற்றை அவிழ்த்தார்.

பல் உடைந்து சிக்கிக்கொண்டதால் இனி இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது என்றார்கள் இவரும் லாரிக்காரரும். மதுரைக்காரருக்கு வேறு கார் பார்த்துக் கொடுப்பதற்கு இவர் அந்த லாரியிலேயே தென்காசிக்குப் போனார். நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை.