உருகிய கற்பூரமும் மாமாவின் தைலமும்

இரண்டு திட மருந்துகளைச் சேர்த்துத் திரவமாக்கினால் தோலுக்குள் நன்றாக இறங்கும். இப்போது மருந்துக் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. அதை எனக்கு முதலில் செய்து காட்டியவர் என் மாமா. பாவம், அந்தக் கலவையாலேயே அவர் வேலை போயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. கம்பத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து எங்களோடு தங்கி, மருந்துச் சரக்கு மொத்தக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். டப்பா மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒருநாள் கற்பூரத்தையும் மெந்தால் என்கிற புதினா உப்பையும் ஒரே டப்பாவில் போட்டு அடைத்துவிட்டார். இரண்டும் ஒட்டியிருந்தாலே உருகிவிடும் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த மாமாவுக்குத் தெரியாது. வாங்கியவர் திறந்தபோது உள்ளே எல்லாம் எண்ணெயாகக் கிடந்ததாம். முதலாளி அந்த டப்பாவையே கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

மாமா முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தோப்பும்படி இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸில் கைவைத்து இறால் உரித்துவிட்டு வந்த அம்மா, அந்தத் திரவத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டாள். "தம்பி, வலி போயே போச்சுடா" என்றாள்.

அவ்வளவுதான், மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கிண்ணத்தில் இரண்டையும் கொட்டிக் கலக்கிக் குப்பிகளில் அடைத்தார். கட்டிகள் தொட்டுக்கொண்ட இடத்தில் ஈரம் கசிவதைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்குச் சோறே வேண்டாம்.

வெலிங்டன் தீவுத் துறைமுகக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுச் சேட்டன் வந்து கூப்பிட்டார். "வேண்டாம் சேட்டா, எனக்குத் தைலம் இருக்கு. அக்கா வலியே போயிருச்சே" என்று மாமா மறுத்துவிட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைலம் ஓடவில்லை. தெருவுக்குத் தெரு தைலம் விற்கிற ஊரில் யார் வாங்குவார்கள்? கிடங்கு வேலைக்கும் வேறு ஆள் வந்தாயிற்று. மழை தொடங்கியதும் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அப்புறம் கொச்சிப் பக்கமே வரவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று அம்மா துணி துவைத்தாள். பிழிவதற்குச் சேட்டனின் மனைவியைக் கூப்பிட்டாள். ஈரப்புடவையின் ஒரு முனையை அவர் முறுக்க, அம்மா மறுமுனையைக் கையால் பிடிக்காமல் முழங்கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். வலி போனவளுக்கு அது எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.