நாலாம் கிண்ணம்

ஃபுட்ஸ்க்ரே ரயில் நிலைய வாசலில் இருபத்திரண்டு வருஷமாகக் காபிக் கடை வைத்திருப்பவள் க்ளெனிஸ். போன மார்ச்சில் எதிர்ச்சாரியில் கீரன் புதுக்கடை போட்டான். காலை ரயில் கூட்டத்தில் பாதி அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் காபியில் ஒன்றுமில்லை, எல்லாம் பகட்டு என்று அவள் சொல்லாத ஆளில்லை. அதை அவன் முகத்துக்கு நேராகவே நிரூபிக்கத்தான் மெல்பர்ன் காபித் திருவிழாவுக்கு வந்தாள். கைப்பையில் தன் கடைக் காபிக்கொட்டை.

உள்ளே நுழைந்ததுமே குமட்டியது. காபியை ருசி பார்க்கும் நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், கரண்டியில் காபியை மொண்டு, சாக்கடை அடைப்பு எடுத்தது போலச் சர்ரென்று உறிஞ்சி, ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தாடியில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல், "பிளம்ஸ் வாசனை" என்று கண்ணை மூடினான்.

"எனக்கு எச்சில் வாசனைதான் வருது," என்றாள் க்ளெனிஸ்.

மேசையை நடத்திய டீகன் என்ற பெண் சிரித்தாள். "உங்க காபியையும் குடுங்கம்மா, சேத்து வெக்கிறேன். பேர்ச்சீட்டு கிண்ணத்துக்கு அடியில இருக்கும். எல்லாரும் குடிச்சப்புறம்தான் திருப்புவோம்."

எதிரே கீரன் நின்றான். "என்னோடதும் இதுல இருக்கு. பயமா க்ளெனிஸ்?"

"உன்னப் பாத்தா? போடா!"

பாலில்லை, சர்க்கரையில்லை. க்ளெனிஸ் தன் காபியைக்கூட அப்படிக் குடித்ததில்லை. முதல் கிண்ணம் புளித்தது. இரண்டாவது வெந்நீர். மூன்றாவது, ஒப்புக்கொள்ள மனமில்லை, நன்றாக இருந்தது. நாலாவதை உறிஞ்சிய வேகத்தில் துப்பினாள்.

"த்தூ! தரை தொடச்ச தண்ணி! எந்தப் புண்ணியவான் இதக் காசுக்கு விக்கிறான்?"

மேசையே சிரித்தது. டீகன் மட்டும் சிரிக்காமல் அருகே வந்து குனிந்தாள். "அந்தச் சீட்ட வேணும்னா திருப்பாம விட்டுடலாம்மா."

க்ளெனிஸ் கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். "என்னோடதா?"

"கொட்டைய எங்க வெக்கிறீங்க?"

"மெஷின் மேலதான். பையத் திறந்து. கதகதப்பா இருக்கட்டுமேன்னு."

"சூட்டுல காறிப்போயிடும்மா. அரைக்கிற மெஷினக் கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

"அதக் கழுவணுமா?"

டீகன் முகத்தைச் சுளித்தாள்.

க்ளெனிஸ் நாலாம் கிண்ணத்தைத் தூக்கி, சீட்டைத் தானே திருப்பிப்போட்டாள். "என் கடைக் காபிதான். சிரிங்க."

கீரன் சிரிக்கவில்லை. "தெரியும். கடை போடறதுக்கு முன்னாடி நாலு வருஷம் உங்ககிட்டதான குடிச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்னடா? வாயில புண்ணா?"

"சொன்னேனே. சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டுக்கோன்னீங்க."

க்ளெனிஸ் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தாள். நாற்றம் போகவில்லை. நாலு வருஷம் ஒருத்தன் குடித்ததல்ல. இருபத்திரண்டு வருஷம் ஊரே குடித்தது. அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏம்மா டீகன்," என்றாள். "அந்த மெஷின எப்படிக் கழட்டுறது? சொல்லு. கழுவி முடிக்கிற வரைக்கும் கடை திறக்க மாட்டேன்."