சரக்கு அக்கா சேர்ந்த அலுவலகம்

கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வெகுகாலம் வேலை பார்த்ததில் அவளுக்குச் ‘சரக்கு அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நடுத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அசர மாட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மாலை வகுப்பில் சட்டம் படித்து, நாற்பதை நெருங்கும்போது வக்கீலானாள். வணிகச் சட்டம்தான் தன் வழி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எப்படிப்பட்ட அலுவலகத்தில் சேருவது என்பதில்தான் வீட்டில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று, கண்ணாடிக் கட்டடத்தில் பல மாடிகளை வளைத்துப்போட்ட பெரிய நிறுவனம். வரிக்கு ஒரு மாடி, வங்கிக் கடனுக்கு ஒரு மாடி, கம்பெனிகளை வாங்கி விற்பதற்கு ஒரு மாடி. இன்னொன்று, துறைமுகத்துக்குப் பின்னால் மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. ஆறே வக்கீல்கள், கப்பல், சரக்கு வழக்குகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள்.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் பெரிய இடத்தின் பக்கம். அங்கே ரெண்டு வருஷம் இருந்துவிட்டால் பிறகு எங்கே போனாலும் கதவு திறக்கும் என்றான். அதில் தப்பு இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை.

கண்ணாடிக் கட்டடத்தில் அவளைப் பார்த்த மூத்த வக்கீல் தன்மையானவர், எதையும் மறைக்காமல் பேசினார். முதலில் ஒப்பந்தங்களைப் படித்துச் சிக்கல் கண்டுபிடிக்கும் குழுவில் இருக்க வேண்டும். கட்சிக்காரர்களோடு பேசுவது மேலே இருப்பவர்களின் வேலை. “இங்க எல்லாமே டீம்தான். நீங்க தடுக்கி விழுந்தா பிடிக்க ஆள் இருக்கும்” என்றார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏறக்குறைய சரி என்றே சொல்லியிருப்பாள்.

மறுநாள் மருந்துக்கடை மாடிக்குப் போனாள். அலுவலகத் தலைவி பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பழ வியாபாரியின் போன் வந்தது. கப்பலில் குளிர்பதனம் நின்றுபோய்க் கன்டெய்னர் பெட்டி முழுக்கப் பழம் அழுகிவிட்டதாம், கப்பல்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம். பக்கத்தில் புதிதாக ஒருவர் இருக்கிறார், அவரும் கேட்கலாமா என்று வியாபாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தலைவி போனை அவளிடம் நீட்டினார். “நான் சரக்குச் சேதத்தை மதிப்பிடுற சர்வேயரைப் பிடிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க அவரைக் கொஞ்சம் நிதானப்படுத்துங்க.”

அந்த மனிதர் கத்தினார், பிறகு அழுதார். இப்படிப்பட்ட குரல்களோடு பேசிப் பழகியவள் அவள். முதலில் உட்காரச் சொன்னாள். அப்புறம் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தாள். போனை வைத்தபோது, தான் நேர்காணலுக்கு வந்தவள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கிளம்புமுன் அவள் ஒன்று கேட்டாள். “இந்த ஆபீஸ் நாளைக்கு மூடிட்டா, மேடம்?”

“மூடினா நாம எல்லாருமே வேற வேலை தேடணும். வேற பதில் என்கிட்ட இல்ல” என்றார் தலைவி.

அன்று மாலை கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவளும் ஒரு போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பெரிய இடத்துக்குப் போனா நல்ல வக்கீலா ஆவேன். மருந்துக்கடை மாடியில நாளைக்கே வக்கீல்.”

“முடிவு பண்ணிட்டு எதுக்கு என்கிட்ட கேக்குற?”

“கேக்கவே இல்லன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாதுல்ல.”

முதல் வருடம் பெண்டு நிமிர்ந்தது. நகலெடுப்பதிலிருந்து நீதிமன்றத்தில் நிற்பது வரை எல்லாம் அவள் தலையில்தான். ஒரு வழக்கில் நன்றாகவே அடி வாங்கினாள்; தாங்கிப் பிடிக்கக் குழு எதுவும் இல்லை. பழ வியாபாரியின் விஷயத்தில் மட்டும் கப்பல்காரர்கள் தாங்களாகவே சமாதானத்துக்கு வந்தார்கள்.

இப்போது புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. வந்தவருக்குப் பெரிய இடம்தான் பொருந்தும் என்று பட்டால் தயங்காமல் அங்கே போகச் சொல்லிவிடுவாள். அப்படிக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போன ஒரு பெண் வங்கிக் கடன் மாடியில் சக்கைப்போடு போடுகிறாள்.