இனி வரும்

படத்தில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற இடம் வந்தால் நமசிவாயத்துக்குப் பயம் வந்துவிடும். சண்டைக் காட்சிகள் அவரை ஒன்றும் செய்வதில்லை. வில்லன் கத்தியோடு வந்தால் காலை நீட்டிக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்பார். ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, தகப்பன் பகிடி விட்டு, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்து, பின்னால் போய்க்கொண்டிருந்த இசையும் மெல்ல அடங்கினால்தான் அவருடைய கை கதிரைப் பிடியை இறுக்கும்.

"இனி வரும்" என்பார், தனக்குத்தானே சொல்வதுபோல.

சொல்லிவிட்டு எழும்பிப் போய் வாசல் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டி, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து உட்காருவார். அதற்குள் படத்தில் வீடு எரிந்து முடிந்திருக்கும், அல்லது தாய் செத்திருக்கும். அவர் சொன்னது பெரும்பாலும் பிழையாவதில்லை. அவருடைய ஊரான இணுவிலில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழ இவ்வளவு போதும். 'இனிவரும்' என்றால் அவர், 'இனிவருமின்ரை பெட்டை' என்றால் அவருடைய மகள் அருந்ததி.

அந்த வீட்டுக்குப் படத்தைக் கொண்டுவந்தவன் கனகலிங்கம், நமசிவாயத்தின் மனைவி பராசக்தியின் தம்பி. பக்கத்து வளவில் மனைவி குணலட்சுமியோடு இருந்தான். புகையிலையும் மரக்கறியும் தோட்டம் செய்கிறவன். படப்பைத்தியம். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் பெட்டி பூட்டிய லாண்ட் மாஸ்டர் உழவு யந்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான திருநெல்வேலிக்குப் போய், ரீவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, வைக்கோலுக்குள் வைத்துக் குலுங்காமல் கொண்டுவருவான். அக்கா வீட்டு விறாந்தை பெரிது என்பதால் படம் அங்கேதான். பின்னேரம் தொடங்கமுதலே அயல் முழுக்கப் பாயோடு வந்துவிடும். பாதிப் பேர் படம் பார்க்க வந்தார்கள், மீதிப் பேர் நமசிவாயத்தைப் பார்க்க.

கனகலிங்கம் படத்துக்குள்ளேயே போய் நின்று பார்க்கிறவன். கதாநாயகனுக்குப் புத்தி சொல்வான், கதாநாயகிக்காக அழுவான். "அத்தான், உவன் கெட்டவன், முழியைப் பாருங்கோ" என்று தொடையில் தட்டுவான். அத்தானுடைய பயத்தை மட்டும் அவனால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பயம் கொழும்பில், வெள்ளவத்தையில் பிடித்தது. நமசிவாயம் அங்கே ஓர் இரும்புக் கடையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பத்தொன்பது வருடம் ஒரே அறை, ஒரே சாப்பாட்டுக் கடை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் அங்கே வந்த ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் அவர் முதலில் கேட்டது சத்தத்தை அல்ல. சத்தம் நின்றுபோனதைத்தான். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்றுவருகிற பாண்காரனின் மணி கேட்கவில்லை. தேநீர்க் கடை ரேடியோ பாடவில்லை. எதிர்வீட்டு மனிதர், வாசலில் நின்று தினமும் தலையாட்டுகிறவர், அன்றைக்கு இவருடைய முகத்தைப் பாராமல் ஜன்னலைச் சாத்தினார். நமசிவாயம் ஒன்றும் யோசிக்காமல் சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்தில் பாதிச் சவர்க்காரம் இருக்கையிலேயே தெரு முனையில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அவரை இழுத்துக்கொண்டு போய் விறகுக் கொட்டிலுக்குள் தள்ளி, முன்னால் தேங்காய் மட்டைகளை அடுக்கினாள். மட்டைகளின் இடுக்கால் தன் அறை எரிவதை அவர் பார்த்தார். பிறகு அகதி முகாம், பிறகு கப்பல். காங்கேசன்துறையில் இறங்கியபோது அவரிடம் இருந்தது உடுத்த சாரமும் ஒரு பக்கம் மட்டும் மழித்த தாடியும்தான்.

இதை அவர் யாருக்கும் விரிவாகச் சொன்னதில்லை. பராசக்திக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் படத்தில் இசை அடங்கும்போதெல்லாம் அவருக்கு அந்தப் பாண்காரனின் மணி கேட்காமல் போகும்.

பயம் படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை, படம் பார்த்து முடிந்த கையோடு, ஒழுங்கையில் நாய்கள் குரைக்கவில்லை என்று சொல்லி மனைவியையும் மகளையும் எழுப்பிக் கொண்டுபோய்க் கோயில் மண்டபத்தில் இருத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. குருக்கள் வந்து, "என்ன, ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டார். இன்னொரு தடவை படத்தின் நடுவில், ஒரு கல்யாணக் காட்சியில், வயரைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்றைக்கே அருந்ததியைக் கூட்டிக்கொண்டு அச்சுவேலியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு கிழமை தங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது இணுவிலில் ஒரு ஓடுகூட நழுவியிருக்கவில்லை. அச்சுவேலியில்தான் ஷெல் விழுந்து பெரியம்மாவின் மாட்டுக் கொட்டில் போனது. சந்தியில் நின்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அருந்ததிக்கு அது பெரிய வெட்கம். அப்பா பிடுங்கிய படத்தின் முடிவு அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெட்டைகள் கேட்டபோது அவளாகவே ஒரு முடிவைக் கட்டிச் சொன்னாள். அது அவர்களுக்குப் பிடித்துப்போய், பிறகு பார்க்காத படங்களுக்கும் அவளிடம் முடிவு கேட்டார்கள். அவள் சொன்ன முடிவுகளில் யாரும் சாவதில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. இந்திய ஆமி வந்தது. ஆவணி மாதம் முழுவதும் ஊர் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாலை போட்டவர்கள் போட்டார்கள், தேநீர் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். கொழும்புக்குப் பஸ் ஓடியது. கனகலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடியோப் படக் கொப்பிகளோடு வந்து இறங்கினான். விறாந்தை கொள்ளாமல் சனம் முற்றத்திலும் இருந்தது.

இரண்டாவது படத்தில் அந்த இடம் வந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்திருக்கிறான், தாய் ஊட்டிவிடுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். நமசிவாயம் திரையைப் பார்க்கவில்லை. விறாந்தையில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் அதேபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி வரும்" என்றார். இந்த முறை தனக்குள் அல்ல. எல்லோருக்கும் கேட்டது.

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. அவர் எழும்பிப் படலைக்குப் போகத் திரும்பினார். பராசக்தி குறுக்கே வந்து நின்றாள். சனத்துக்கு முன்னால் அவள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"இஞ்சருங்கோ, போதும். இவ்வளவு காலமும் உங்கடை பயத்தையும் தூக்கிக் கொண்டு திரிஞ்சம். இப்ப சமாதானமும் வந்திட்டுது. இந்தப் பிள்ளை ஒரு படத்தின்ரை முடிவையாவது ஒழுங்காப் பாக்க வேண்டாமோ? இருங்கோ. இருந்து பாருங்கோ."

அருந்ததி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து சிவந்திருந்ததை நமசிவாயம் கண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். படம் முடியும்வரை அசையவில்லை. அது நல்லபடியாகவே முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கனகலிங்கம் அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கி, "பாத்தீங்களே அத்தான், ஒண்டும் வரேல்லை" என்றான். நமசிவாயமும் சிரித்தார். இனிமேல் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

புரட்டாதி மாதம் இயக்கப் போராளிகளுக்கும் இந்திய ஆமிக்கும் முறுகி, ஊரின் முகம் மாறியது. மாலை போட்ட கைகள் மடியில் கிடந்தன. சந்தியில் நின்று கதைக்கிறவர்கள் ஆமி வாகனம் வந்தால் கதையை நிறுத்தினார்கள். யாரும் டெக் எடுக்கவில்லை. நமசிவாயம் காலையில் எழும்பி, கிணற்றுக் கப்பியின் சத்தம் எந்தெந்த வளவில் கேட்கிறது என்று காது கொடுப்பார். எந்த வளவில் கேட்கவில்லை என்பதையும் கவனிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பராசக்தி தேநீரைக் கொடுக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் கிணற்றடிப் பக்கம் காது கொடுப்பாள்.

ஐப்பசி பிறப்பதற்குச் சில நாட்கள் இருந்தன. சனிக்கிழமை. விடிந்து வெயில் ஏறும் நேரம். கனகலிங்கம் நீலச் சேட்டைப் போட்டு, கத்தரிக்காய்ச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் புறப்பட்டான். நமசிவாயம் படலையில் நின்றார். அன்று பாண் வானின் ஹோர்ன் கேட்கவில்லை. பலாலிப் பக்கமாக வழக்கமாகச் சுற்றுகிற ஹெலியும் இல்லை. எங்கேயோ ஒரு கோழி மட்டும் விடாமல் கத்தியது. அவருடைய வாய் திறந்தது.

கனகலிங்கம் அதைக் கண்டுவிட்டான். லாண்ட் மாஸ்டரை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து, "என்ன அத்தான், இனி வருமோ?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினான்.

நமசிவாயம் சிரித்தார். "இல்லையடா. போட்டு வா" என்றார்.

மத்தியானத்துக்குள் கோட்டைப் பக்கமிருந்தும் பலாலிப் பக்கமிருந்தும் ஷெல் வரத் தொடங்கியது. ஊரடங்கு என்று ரேடியோ சொன்னது. கனகலிங்கம் வரவில்லை. குணலட்சுமி படலைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். அவள் அழவில்லை. "அண்ணை, உங்களுக்கு ஏதும் தெரிஞ்சதே?" என்று மட்டும் கேட்டாள். நமசிவாயம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அவர்கள் நான்கு பேரும் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். இந்த முறை அங்கே கால் வைக்க இடமில்லை.

நாள்கள் போயின. மண்டபத்தில் இருந்தவர்கள் இப்போது நமசிவாயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், வந்து வந்து கேட்டார்கள். "இனி என்ன வரும் நமசிவாயத்தார்? இந்தப் பக்கம் வருவாங்களோ?" அவருக்குத் தெரியாது. சுற்றிவர வெடிச் சத்தமாக இருந்தது. சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியபோது அவர் கனகலிங்கத்தைத் தேடிப் புறப்பட்டார். ஆமிக்காரன் நிற்பாட்டிய இடத்திலெல்லாம் கையை உயர்த்திக்கொண்டு நடந்தார். திருநெல்வேலியில் லாண்ட் மாஸ்டர் மதில் ஓரம், ஷெல் விழுந்த குழிக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடந்தது. சாக்குகள் வெடித்துக் கத்தரிக்காய் தெருவோடு அழுகியிருந்தது. ஆளைக் காணவில்லை. தப்பியவர்கள் கோப்பாய்ப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் இருக்கிற மர வாங்கு ஒன்றில், முதுகைக் காட்டியபடி ஒருவன் இருந்தான். அதே நீலச் சேட்டு.

"கனகலிங்கம்!"

அவன் திரும்பவில்லை. கோபமோ என்று நினைத்தார். போக விட்டதற்கு. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த பெண் அவரைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். நமசிவாயம் முன்னால் போய்க் குந்தினார். கனகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அத்தான்!" என்று பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். தன் குரல் தனக்குக் கேட்காததால் அதற்குப் பிறகு அவன் எப்போதும் அப்படித்தான் கதைத்தான்.

நமசிவாயம் அவனுடைய முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். அவன் அவருடைய முதுகைத் தடவி, "அழாதேங்கோ, வந்திட்டியள்தானே" என்று அதே குரலில் கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு வந்த வருடத்தில் கரண்ட் வந்தும் போயும் இருந்த காலத்தில், கனகலிங்கம் டெக் எடுக்கவேண்டும் என்று நின்றான். கேட்காத காதை வைத்துக்கொண்டு என்ன படம் என்று குணலட்சுமி கண்ணீர் விட்டாள். அவன் விடவில்லை. நமசிவாயமே சைக்கிளில் போய் ஒழுங்கு செய்துவிட்டு வந்தார். விறாந்தையில் இப்போது அயலார் குறைவு. சிலர் கொழும்பு, சிலர் கனடா, சிலர் இல்லை.

கனகலிங்கம் திரையைக் கொஞ்சம் பார்ப்பான், உடனே அத்தானுடைய முகத்தைப் பார்ப்பான். இசை எப்போது உயர்கிறது, எப்போது அடங்குகிறது என்று அவனுக்கு வேறு வழியால் தெரியாது. நமசிவாயத்தின் கன்னம் இறுகினால் அவனும் நிமிர்ந்து உட்காருவான். அவர் மூச்சு விட்டால் அவனும் விடுவான். அதனால் அவர் எழும்பிப் படலைக்குப் போக முடியவில்லை. கதிரைப் பிடியைப் பிடித்தபடி இருந்து, ஒவ்வொரு படத்தையும் முடிவுவரை பார்த்தார். முதலில் அது தண்டனைபோல இருந்தது. பிறகு பழகியது என்று சொல்லமுடியாது, ஆனால் இருக்க முடிந்தது. வீடு எரிகிற ஒரு காட்சியின்போது, அவர் தன்னை அறியாமல் வாய் திறந்து வெள்ளவத்தை விறகுக் கொட்டிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தேங்காய் மட்டையின் மணம், கன்னத்தில் காய்ந்த சவர்க்காரம், அந்த அம்மா வாசலில் நின்று வந்தவர்களோடு கதைத்த குரல். பராசக்தி சத்தத்தைக் குறைத்தாள். அருந்ததி அப்பாவின் காலடியில் வந்து இருந்தாள். கேட்கமுடியாத கனகலிங்கம், அவர் சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் இந்திய ஆமி போனது. மறுபடியும் ஊரில் சிரிப்பு. ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் படம் ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. வழக்கமான வெட்டு என்று எல்லோரும் அப்படியே இருந்தார்கள். வெளியே காகம்கூடக் கரையவில்லை. கனகலிங்கம் திரும்பி, "அத்தான், என்ன நடக்குது?" என்று கத்தினான்.

நமசிவாயம் கையை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னார். வடக்கே, மிகத் தூரத்தில், வண்டு இரைவதுபோல ஒன்று கேட்டது. அவர் எழும்பினார். கனகலிங்கத்தின் கையைப் பிடித்து வளவின் பின்பக்கத்தில் வெட்டி வைத்திருந்த பதுங்குகுழிப் பங்கருக்கு நடந்தார். பெண்கள் தேநீர்க் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். அரசாங்க விமானத்தின் முதல் குண்டு விழுந்தபோது அவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு கரண்ட் வரவில்லை. பாதியில் நின்ற கொப்பியும் டெக்குக்குள்ளேயே கிடந்தது, வாடகைக்குக் கொடுத்த கடை இருந்த தெருவே இல்லாமல் போனது. ஐந்து வருடம் கழித்து, ஐப்பசி மழையில், அரசாங்க ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர்களும் நடந்தார்கள். நமசிவாயம் முன்னால், அவருடைய சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கனகலிங்கம். சனம் நெருக்கி நின்ற பாலத்தடியில் கனகலிங்கம் அவருடைய முகத்தை எட்டிப் பார்த்தான். அதில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழைத்தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"நடவுங்கோ அத்தான்" என்றான், முதல் தடவையாக மெதுவாக.